கேனில் கலந்த பாலும் கிராஃபில் வந்த சராசரியும்

2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. அத்தம் பிறந்து ஓணத்துக்கு எல்லாரும் தயாராகிக்கொண்டிருந்த நேரம். நான் வேலை பார்க்கும் பால் நிறுவனத்தில் மாதம் மூன்று முறை பட்டுவாடா: 1, 11, 21 தேதிகளில். பத்து நாள் ஊற்றிய பாலுக்கு லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் பில் போகும். அன்று காலை எட்டரைக்குக் கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, பில் ரிப்போர்ட் இருபது நிமிசமாச் சுத்திக்கிட்டே இருக்குதுங்க. வேலந்தாவளம் சென்டர்ல ஆளுங்க வந்து நிக்கறாங்களாம். என்னன்னு கொஞ்சம் பாருங்க."

லேப்டாப்பைத் திறந்து, எங்கள் மெஷின்கள் எவ்வளவு வேலையில் இருக்கின்றன என்று காட்டும் அமேசானின் கிளவுட்வாட்ச் கிராஃபைப் பார்த்தேன். எட்டரை மணிக்கு நேராக சிபியு 20 சதவீதம்கூட இல்லை. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. "இங்க ஒண்ணுமில்லீங்க அக்கா, உங்க நெட் ஸ்லோவா இருக்கும், மோடத்தை ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடுங்க" என்றேன். "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டிருக்கிறார். பில் பட்டியல் சென்டர்களுக்குப் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. ஓணச் செலவுக்குப் பணத்தை எதிர்பார்த்து வெயிலில் நின்றவர்கள், எங்கள் அம்மாவைப் போல ரெண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள்தான்.

அக்கா சொன்னது முழுக்க உண்மை. நான் சொன்னது தவறு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதை, டேட்டா வேர்ஹவுஸைக் கவனித்துக்கொள்ளும் இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். மாநிலம் கேரளம், தாலுகா சித்தூர், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ். அலுவலகம் பொள்ளாச்சியில். கோபாலபுரம் வழியாகப் போய்வருகிறேன், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நிறுவனத்துக்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் சென்டர்கள் உண்டு. காலை ஆறிலிருந்து எட்டுக்குள்ளும், சாயங்காலம் மறுபடியும் பால் ஊற்றுவார்கள். ஒவ்வொரு ஊற்றும் ஒரு வரியாக அமேசான் ரெட்ஷிஃப்டில் வந்து சேரும். அதுதான் எங்கள் டேட்டா வேர்ஹவுஸ், நான்கு நோட் (சேர்ந்து வேலை செய்யும் மெஷின்கள்) கொண்ட சின்ன கிளஸ்டர். ஒரு ஆளின் ஒரு ஊற்றை மட்டும் தேடி எடுப்பதற்கு வேறு டேட்டாபேஸ் இருக்கிறது. பத்து நாள் கணக்கை, ஒரு வருட ஏற்ற இறக்கத்தை மொத்தமாக அள்ளிக் கூட்டுவதற்குத்தான் இது.

முதலில் அகப்பட்டது நேரம். மறுநாள் ராத்திரி உட்கார்ந்து கிராஃபைத் திரும்பப் பார்த்தபோது கீழே மூலையில் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் போனில் அவசரமாக ஒருவர் கேட்கும்போது கை நேராக எட்டரைக்குத்தான் போகிறது. கிராஃபில் நான் பார்த்த எட்டரை, நமக்கு முந்தின நாள் பகல் இரண்டு மணி. அப்போது எங்கள் கிளஸ்டரில் ஈ ஆடாது. அக்கா சொன்ன எட்டரையைப் பார்க்க நான் மூன்று மணிக்குப் போயிருக்க வேண்டும்.

அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. பெரிய சுருக்க டேபிள்களைப் புதிதாகக் கட்டும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஜாப் ஒன்றை நாங்கள் 'ராத்திரி ஒன்றரைக்கு' என்று வைத்திருந்தோம். அந்த ஒன்றரையும் யூ.டி.சி.தான். அதாவது காலை ஏழு மணிக்கு, சென்டர்களில் பால் அளந்து கணக்கு ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஆரம்பித்து, ஒன்பது வரை ஓடியிருக்கிறது. சாதாரண நாளில் யாருக்கும் உறைக்கவில்லை. பட்டுவாடா நாளில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது.

ஜாப்பை யூ.டி.சி. இரவு எட்டு மணிக்கு மாற்றினோம், நமக்கு அது அதிகாலை ஒன்றரை. கிராஃப்களை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினோம். ஜாப் பெயரிலேயே இந்திய நேரத்தை எழுதி வைத்தோம். இதற்கு ஒரு நாள்தான் ஆனது. உங்களிடம் இருக்கும் எல்லா ஜாப்புக்கும் நம் நேரத்தில் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

சரியான நேரத்தைப் பார்த்தபிறகும் ஒரு விஷயம் இடித்தது. 21-ஆம் தேதி காலை எட்டரைக்கு சிபியு 33 சதவீதம்தான். ஒரு மெஷின் மூன்றில் ஒரு பங்கு வேலையில் இருக்கிறது, ரிப்போர்ட் மட்டும் இருபது நிமிடம் நிற்கிறது என்றால் எப்படி?

இங்கேதான் எங்கள் பால் சென்டர் எனக்கு உதவியது. சென்டரில் யார் பால் கொண்டுவந்தாலும் கேனில் ஊற்றுவதற்கு முன்னால் தனியாக சாம்பிள் எடுப்பார்கள். சின்ன வயதில் அம்மாவோடு போய் வரிசையில் நிற்கும்போது இது ஏன் என்று கேட்டிருக்கிறேன். சென்டர்க்கார அண்ணன் சொன்னார்: "இருபது பேர் பாலையும் ஒண்ணா ஊத்திட்டு டிகிரி பாத்தா, ஒருத்தன் தண்ணி ஊத்துனது தெரியுமா கண்ணு? எல்லாப் பாலும் கொஞ்சம் கொஞ்சம் மட்டமாத் தெரியும். அவ்வளவுதான்." கேனில் கலந்தபிறகு யாரையும் பிடிக்க முடியாது. பழி எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் விழும், தப்பு செய்தவர் மேல் விழாது.

நான் பார்த்த 33 சதவீதம் கேனில் கலந்த பால். எல்லா நோட்டையும் கூட்டி வகுத்த சராசரி. கிளவுட்வாட்ச்சில் நோட் வாரியாகவும் சிபியு கிடைக்கும்: வேலையைப் பிரித்துக் கொடுக்கும் லீடர் தனி, வேலையைச் செய்யும் கம்ப்யூட்-0, கம்ப்யூட்-1 என்று ஒவ்வொன்றும் தனி. பிரித்துப் போட்டேன். மூன்று நோட் 12, 13-இல் சும்மா நின்றன. ஒன்று மட்டும் 95-ஐத் தொட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாக மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

காரணம் பழையது. ரெட்ஷிஃப்டில் ஒரு டேபிளை நோட்களுக்குப் பிரித்துக் கொடுக்க டிஸ்ட் கீ என்று அதன் ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நெடுவரிசையில் ஒரே மதிப்பு உள்ள வரிகள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். ஆரம்பத்தில் நாங்கள் குளிரூட்டு நிலையத்தின் குறியீட்டு எண்ணை டிஸ்ட் கீயாக வைத்திருந்தோம். அப்போது நிலையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு ஒரு நிலையம் மட்டும் பெரிதாக வளர்ந்து, பாதிக்கு மேல் பால் அங்கே வர ஆரம்பித்தது. பாதிக்கு மேல் வரிகளும் ஒரே நோட்டில், அதிலும் ஒரே ஸ்லைஸில் (நோட்டின் ஒரு பகுதி) போய் உட்கார்ந்துவிட்டன. எல்லா நோட்டும் முடித்தால்தான் ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) முடியும். மூன்று பேர் வேலையை முடித்துவிட்டுக் கைகட்டி நிற்க, நான்காவது ஆளுக்காக அக்கா காத்திருந்தார்.

எஸ்.வி.வி. டேபிள் இன்ஃபோ என்று ஒரு சிஸ்டம் வியூ (டேபிள்களின் நிலையைப் பற்றி ரெட்ஷிஃப்டே தரும் பட்டியல்) இருக்கிறது. அதில் ஸ்க்யூ ரோஸ் (skew_rows) என்ற நெடுவரிசை, வரிகள் அதிகம் உள்ள ஸ்லைஸுக்கும் குறைவாக உள்ள ஸ்லைஸுக்கும் என்ன விகிதம் என்று சொல்லும். 1-க்குப் பக்கத்தில் இருந்தால் சமமாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது, முதல் நாளே பார்த்திருக்கலாம். டிஸ்ட் கீயைப் பால் ஊற்றுகிறவரின் குறியீட்டு எண்ணுக்கு மாற்றினோம். ஆயிரக்கணக்கான எண்கள் என்பதால் தானாகவே பரவிவிடும். உறுப்பினர் விவர டேபிளுக்கும் அதே கீ வைத்ததால், இரண்டையும் சேர்க்கும்போது நோட்டுக்கு நோட்டு டேட்டா அனுப்பும் வேலையும் மிச்சமானது. அதே வியூவில் வரிசைப்படாத வரிகள் எத்தனை சதவீதம், புள்ளிவிவரம் எவ்வளவு பழசாகிவிட்டது என்பதும் இருக்கும். வாரம் ஒருமுறை இந்த மூன்று நெடுவரிசையையும் பார்ப்பதை இன்றுவரை விடவில்லை.

அடுத்த பட்டுவாடா செப்டம்பர் 1. நிச்சயம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ரிப்போர்ட்டை நானே ஓட்டிப் பார்த்தேன், ஒரு நொடியில் வந்தது. அக்காவுக்கு ஏழு நிமிடம் ஆனது. இந்த முறை மோடம் பற்றிப் பேசவில்லை. "அக்கா, நீங்க பட்டன் அழுத்துன நேரத்தைக் குறிச்சு வச்சுச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்.

எனக்கு ஒரு நொடியில் வந்ததற்குக் காரணம் கேஷ். ஒரே க்வெரியைத் திரும்ப ஓட்டினால், அடியில் இருக்கும் டேட்டா மாறாதவரை ரெட்ஷிஃப்ட் பழைய விடையையே எடுத்து நீட்டும். நல்ல வசதிதான். ஆனால் அளந்து பார்க்கும்போது அது நம்மை ஏமாற்றிவிடும். சோதிக்கும்போது அந்த செஷனுக்கு ரிசல்ட் கேஷை அணைத்துவிட வேண்டும். புது க்வெரி முதல் தடவை ஓடும்போது கம்பைல் ஆகவும் (ஓடுவதற்குத் தயாராகவும்) கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா குறித்துக் கொடுத்த நேரத்தை வைத்து சிஸ்டம் டேபிளில் தேடினேன். எந்த க்வெரி எப்போது ஓடலாம் என்று வரிசைப்படுத்தும் வொர்க்லோட் மேனேஜ்மென்ட்டின் க்வெரி பதிவில் இரண்டு எண்கள் தனித்தனியே இருக்கும்: வரிசையில் காத்திருந்த நேரம், உண்மையில் ஓடிய நேரம். இரண்டும் மைக்ரோ செகண்டில் இருப்பதால் 10 லட்சத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் ரிப்போர்ட் ஓடியது 40 நொடி. மீதி ஆறு நிமிடத்துக்கு மேல் அது வரிசையில் நின்றிருக்கிறது.

எங்கள் அமைப்பில் ஒரே க்யூ (வரிசை), ஒரே நேரத்தில் ஐந்து க்வெரி ஓட இடம். ரெட்ஷிஃப்டின் பழைய டிஃபால்ட் அமைப்பு அது, நாங்கள் தொடவே இல்லை. காலையில் மேலாளர்கள் திறக்கும் டாஷ்போர்டு ஒவ்வொன்றும் ஏழெட்டு க்வெரி அனுப்பும். ஒருவர் டாஷ்போர்டைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாலே ஐந்து இடமும் நிரம்பிவிடும். பின்னால் வரும் பில் ரிப்போர்ட் நிற்க வேண்டியதுதான். சென்டர் வாசலில் டேங்கரை நிறுத்திவிட்டால் சைக்கிளில் கேன் கட்டி வந்தவர் உள்ளே நுழைய முடியாது, அந்த மாதிரி. இதில் சிபியு அதிகமாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நிற்கிற க்வெரி சிபியுவைத் தின்பதில்லை.

இதைப் பார்த்த அன்றுதான் என் டாஷ்போர்டின் உச்சியிலிருந்து சிபியுவை இறக்கினேன். அந்த இடத்தில் வரிசைக் காத்திருப்பு நேரத்தை, க்யூ வாரியாக வைத்தேன். ஒருவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பதில் கண்ணில் படும் வரை ஆகும் நேரம்தான் அவருக்குத் தெரியும் வேகம். சிபியு 100 சதவீதம் போவது தன்னளவில் கோளாறே இல்லை என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்கிய மெஷின் வேலை செய்யட்டும்.

க்யூவை மூன்றாகப் பிரித்தோம்: டேட்டா ஏற்றுவதற்கு ஒன்று, டாஷ்போர்டுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று. சின்ன க்வெரிகளை முன்னால் விடும் வசதியை இயக்கினோம். டாஷ்போர்டு க்யூவில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் க்வெரியை நிறுத்திவிட ஒரு விதி போட்டோம். இடத்தைக் கூட்டினாலே போதுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கையால் அமைக்கும் முறையில் இடத்தைக் கூட்டினால் ஒவ்வொரு க்வெரிக்கும் கிடைக்கும் மெமரி குறையும். மெமரி போதாமல் போனால் இடைக்கணக்கை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாமே மெதுவாகும். ஐந்தைப் பத்தாக்கி ஒரு நாள் இதைக் கண்ணால் பார்த்தோம்: டிஸ்க் அளவு திடீரென்று ஏறி, பத்து நிமிடத்தில் இறங்கியது. ஒரு மணி நேரச் சராசரியில் அந்த ஏற்றம் தெரியவே இல்லை. டிஸ்க்குக்கு எப்போதும் அதிகபட்ச மதிப்பைப் பாருங்கள். இடத்தின் எண்ணிக்கையையும் மெமரியையும் ரெட்ஷிஃப்டே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ முறையும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

காத்திருப்பிலும் சராசரியை நம்பவில்லை. நூறு க்வெரியில் 95 ஒரு நொடியில் முடிந்து 5 மட்டும் ஏழு நிமிடம் நின்றால், சராசரி 22 நொடி என்று காட்டும். அந்த 22 நொடியை யாருமே அனுபவித்திருக்க மாட்டார்கள். 99-ஆவது பெர்சன்டைல் (நூற்றில் 99 க்வெரி எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பது) பார்க்க வேண்டும். எங்களிடம் அந்த ஐந்தும் பெரும்பாலும் கணக்குப் பிரிவின் க்வெரிகளாகவே இருந்தன.

இதையெல்லாம் போன வருட ஓணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. ரெட்ஷிஃப்டின் க்வெரி பதிவுகள் ஏழு நாள்தான் இருக்கும். கிளவுட்வாட்ச் எண்களை 15 மாதம் வைத்திருக்கும், ஆனால் ஒரு நிமிட அளவில் 15 நாள்தான். அதன்பின் ஐந்து நிமிட அளவாகச் சுருங்கி 63 நாள் வரை, அப்புறம் ஒரு மணி நேர அளவாக 455 நாள் வரை. ஒரு வருடம் கழித்துச் சராசரியைப் பார்க்கும்போது ஏழு நிமிடத் தவிப்பு எதுவும் அதில் மிச்சமிருக்காது. எல்லாம் மறுபடியும் கேனில் கலந்துவிடும். இப்போது தினமும் ராத்திரி அன்றைய க்வெரி பதிவை எங்கள் சொந்த டேபிளுக்கு எடுத்து வைக்கிறோம். 2024 ஓணத்துக்குத் தயாரானபோது, 2023 செப்டம்பரிலிருந்து எந்த நாள் எந்த மணியில் எவ்வளவு நெருக்கடி என்று கையில் இருந்தது. ஓண வாரத்துக்கு மட்டும் கன்கரன்ஸி ஸ்கேலிங்கைத் திறந்துவிட்டோம். கூட்டம் அதிகமானால் தற்காலிகமாகக் கூடுதல் கிளஸ்டர் சேரும். கிளஸ்டர் ஓடும் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரம் அதற்கு இலவசம். அதற்கு மேல் போகாமல் வரம்பு வைத்தோம், செலவு கையை மீறவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வேர்ஹவுஸ் வேகமாகப் பதில் சொல்லும், ஆனால் உள்ளே இருப்பது நேற்றைய கணக்கு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பனைமரம் சாயும், கம்பி அறும், கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும். சென்டரில் அளந்த கணக்கு மேலே ஏறாது. ரிப்போர்ட் இரண்டு நொடியில் வந்து நிற்கும், அதில் இரண்டு ஊர் இருக்காது. மெதுவாக வந்தால் அக்கா போன் செய்வார். குறைவாக வந்தால் யாருக்கும் தெரியாது, பில்லில் காசு குறைந்தவருக்கு மட்டும் தெரியும்.

அதனால் இரண்டு எண்களை நாங்களே உண்டாக்கினோம். கடைசி வரி எப்போது வந்தது, இந்த வேளைக்கு எத்தனை சென்டர் இன்னும் வரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை எண்ணிக் கிளவுட்வாட்ச்சுக்கு அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட். முதல் மாதமே ஒரு நாள் அந்த ஸ்கிரிப்ட் நின்றுபோனது. எண்ணே வராததால் அலாரமும் பேசாமல் இருந்தது. அலாரத்தில் 'டேட்டா வராவிட்டால் என்ன செய்வது' என்று ஓர் அமைப்பு உண்டு. அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். அலாரங்களை நாங்கள் மொத்தம் நான்காகக் குறைத்துவிட்டோம். முன்பு பதினெட்டு இருந்தன. அதிகாலை மூன்று மணிக்கு சிபியு 80-ஐத் தாண்டியது என்று போன் அடித்து அடித்து, எல்லாரும் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் பழகியிருந்தோம். இப்போது அடித்தால் எழுந்து உட்காருகிறோம்.

கணக்குப் பிரிவில் ஒரு பழைய மானிட்டர் சும்மா இருந்தது. அதில் மூன்றே வரி, தமிழில், பெரிய எழுத்தில் போட்டு வைத்தேன்: கடைசிக் கணக்கு வந்த நேரம், இப்போது வரிசையில் காத்திருப்பு, வராத சென்டர்கள். கிராஃப் கிடையாது, சதவீதம் கிடையாது.

போன ஆடியில் ஒரு காலை, எட்டே காலுக்கு போன். நான் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன்.

"தம்பி, வண்ணாமடைப் பக்கம் மூணு சென்டர் இன்னும் வரலீங்க. நான் போன் போட்டுக் கேட்டுட்டேன், கரண்ட் இல்லையாமா. நோட்டுல எழுதி வச்சிருக்காங்க, பத்து மணிக்குள்ள ஏத்திருவாங்க. அதுவரைக்கும் பில்லு ஓட்ட வேண்டாமுங்க."

"சரிங்க அக்கா" என்றேன்.